சக்கரத்தின் மேல் ஒரு குட்டி வீடு: மின்வயர் போடத் திட்டமிடுவது எப்படி?

காருக்குப் பின்னால் ஒரு சிறு டிரெய்லரை இணைத்துக்கொண்டு, விடுமுறைக்குக் கடற்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ கிளம்பும் குடும்பங்கள் நம் நாட்டிலும் இருக்கின்றன. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சிறு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, சில விளக்குகள். இதைத்தான் கேம்பர் டிரெய்லர் என்கிறோம். தச்சு வேலை தெரிந்த சிலர் இதை வீட்டு முற்றத்திலேயே கட்டி முடித்துவிடுகிறார்கள். ஆனால் மின்வயர் போடும் இடத்துக்கு வந்ததும் பலருக்குக் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் நல்லதுதான். கணக்குப் போடாமல் போட்ட வயர் டிரெய்லரையே எரித்துவிடக்கூடும்.

மாணவர்களே, இந்தக் கணக்குக்குப் பெரிய பொறியியல் படிப்பு எதுவும் தேவையில்லை. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை, மின்திறன் என்று இடைநிலைப்பள்ளி அறிவியலில் நீங்கள் படிக்கும் நான்கு சொற்களே போதும். எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, படிவம் இரண்டில் படிக்கும் மகள், பாட்டி என நான்கு பேர். போர்ட்டிக்சன் கடற்கரையில் இரண்டு நாள் தங்கப் போகிறார்கள். பாட்டிக்கு நீரிழிவு நோய். அவருடைய திறக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் டிரெய்லருக்குள் நண்பகலில் வெப்பம் 35 பாகையைத் தாண்டிவிடும். ஆகவே குளிர்பதனப் பெட்டி நின்றுபோனால் கெடுவது குளிர்பானம் மட்டுமல்ல, பாட்டியின் மருந்தும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டத்தைத் தொடங்குவோம்.

முதல் படி: பட்டியல் போடு

கடைக்குப் போய் பேட்டரி வாங்குவது முதல் வேலை அன்று. ஒரு தாளை எடுத்து, டிரெய்லரில் என்னென்ன பொருள்கள் ஓடும், ஒவ்வொன்றும் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதுவதுதான் முதல் வேலை. வாட்டை மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். அதுதான் ஒரு பொருள் ஒரு நாளில் செலவிடும் மின்னாற்றல்.

நம் குடும்பத்தின் பட்டியல் இது:

எல்இடி விளக்கு: 4 விளக்குகள் × 5 வாட் × 4 மணி = 80 வாட்-மணி
கூரை மின்விசிறி: 15 வாட் × 10 மணி = 150 வாட்-மணி
குளிர்பதனப் பெட்டி: 60 வாட் × 10 மணி = 600 வாட்-மணி
கைப்பேசி: 4 பேர் × 15 வாட்-மணி = 60 வாட்-மணி
தண்ணீர் பம்பு: 40 வாட் × கால் மணி = 10 வாட்-மணி
மொத்தம்: நாளொன்றுக்கு 900 வாட்-மணி

குளிர்பதனப் பெட்டி 24 மணி நேரமும் இயங்குகிறதே, ஏன் 10 மணி என்று போட்டிருக்கிறோம்? உள்ளே போதுமான குளிர் வந்ததும் கம்ப்ரசர் தானே நின்றுவிடும். வெப்பம் ஏறியதும் மீண்டும் ஓடும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டி அவ்வப்போது உறுமி அடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். இப்படி விட்டுவிட்டு ஓடும் நேரத்தையெல்லாம் கூட்டினால் நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் என்று நம் திட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். பெட்டியை வெயில் படும் பக்கத்தில் வைத்தாலோ அதன் பின்புறம் காற்று போக இடம் விடாவிட்டாலோ இந்த நேரம் கூடிவிடும்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குளிர்பதனப் பெட்டி ஒன்றே எடுத்துக்கொள்கிறது. தேவையில்லாத விளக்கை அணை என்று வீட்டில் சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் இந்த டிரெய்லரில் விளக்கை அணைப்பதைவிடப் பெட்டியின் கதவை அடிக்கடி திறக்காமல் இருப்பதில்தான் மிச்சம் அதிகம். பட்டியல் போட்டால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாம் படி: பேட்டரி எவ்வளவு பெரியது?

டிரெய்லர்களில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியைத்தான் பயன்படுத்துகிறார்கள். காரிலும் அதே 12 வோல்ட் இருப்பதால் விளக்கு, பம்பு, மின்விசிறி எல்லாம் அதற்கேற்ற வகையில் எளிதாகக் கிடைக்கும். பேட்டரியின் மேல் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். அதை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்.

இரண்டு வகைப் பேட்டரிகளை ஒப்பிடுவோம். முதலாவது ஈய-அமிலப் பேட்டரி. பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859இல் கண்டுபிடித்த அதே வகை இன்றும் கார்களில் இருக்கிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1,200 வாட்-மணி. ஆனால் அதை அடிமட்டம் வரை காலி செய்தால் விரைவில் கெட்டுவிடும். பாதியளவு மட்டும் பயன்படுத்துவதே வழக்கம். எனவே கைக்கு வருவது 600 வாட்-மணிதான். இரண்டாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இதன் அழுத்தம் 12.8 வோல்ட். 100 ஆம்பியர்-மணிக்கு 1,280 வாட்-மணி. இதில் 80 விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம். அதாவது 1,024 வாட்-மணி. ஈய-அமிலப் பேட்டரியின் எடை 25 கிலோவைத் தாண்டும். லித்தியம் வகை அதில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். விலையோ பெரும்பாலும் ஈயத்தைவிட அதிகம். காரால் இழுக்கப்படும் டிரெய்லரில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு என்பதால், நம் குடும்பம் லித்தியம் வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

1,024 வாட்-மணி கையில் இருக்கிறது. ஒரு நாள் தேவை 900. ஒரு நாள் ஓட்டிவிடலாம். இரண்டாம் நாளுக்கு என்ன செய்வது?

மூன்றாம் படி: சூரியனிடம் எவ்வளவு கேட்கலாம்?

கூரையில் 200 வாட் சோலார் பலகை ஒன்றைப் பொருத்துவோம். பகல் 12 மணி நேரம் இருக்கிறது என்பதற்காக 200ஐ 12ஆல் பெருக்கிவிடக் கூடாது. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும். இடையில் மேகம் மறைக்கும். ஒரு நாள் முழுதும் விழும் வெயிலை உச்சி வெயிலாகச் சுருட்டினால் எத்தனை மணி நேரம் வரும் என்று கணக்கிடுவதே வழக்கம். நம் நாட்டில் திட்டமிட 4 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதிலும் கழிவு உண்டு. பலகையின் 200 வாட் என்பது 25 பாகை வெப்பத்தில் அளந்தது. நம் ஊர் வெயிலில் பலகை 60 பாகை வரை சுடும். சூடு ஏற ஏறச் சோலார் பலகையின் திறன் குறையும். பலருக்கு இது வியப்பாக இருக்கும். பலகைக்கு வேண்டியது ஒளிதான், வெப்பம் அன்று. தூசி, வயர் நட்டம் எல்லாம் சேர்த்து 70 விழுக்காடு கிடைக்கும் என்று கொள்வோம். 200 × 4 × 0.7 = 560 வாட்-மணி.

இனி இரண்டு நாள் கணக்கு. வீட்டிலிருந்து முழு மின்னூட்டத்துடன் கிளம்புகிறோம். முதல் நாள் முடிவில்: 1,024 − 900 + 560 = 684. இரண்டாம் நாள் முடிவில்: 684 − 900 + 560 = 344. பேட்டரியில் இன்னும் மிச்சம் இருக்கிறது. திட்டம் தேறிவிட்டது.

ஆனால் நாம் வாழ்வது மழை நாட்டில். இரண்டு நாளும் வானம் மூடிக்கொண்டு, நாளுக்கு 150 வாட்-மணி மட்டும் கிடைத்தால்? மொத்த வரவு 1,024 + 300 = 1,324. செலவு 1,800. பற்றாக்குறை! அப்போது எதை நிறுத்துவது? குளிர்பதனப் பெட்டிக்கு மட்டும் இரண்டு நாளுக்கு 1,200 வேண்டும். அது வரவுக்குள் அடங்குகிறது. மிச்சம் 124 வாட்-மணியில் விளக்குகளைப் பாதி நேரம் எரிக்கலாம், கைப்பேசிகளுக்குக் கொஞ்சம் ஊட்டலாம். மின்விசிறிக்கு ஓய்வு. மழைக் குளிரில் அது பெரிதாகத் தேவையும் படாது. இந்த முடிவை இரவு மூன்று மணிக்கு இருட்டில் எடுக்கக் கூடாது. வெள்ளம் வருமுன் அணை போடுவதுபோல், தாளில் திட்டம் போடும்போதே எது முதலில் நிற்கும், எது கடைசி வரை ஓடும் என்று எழுதி வைக்க வேண்டும்.

நிழல் பற்றி ஒரு சொல். டிரெய்லரை மரத்தடியில் நிறுத்தினால் உள்ளே குளுமை, ஆனால் பலகைக்குப் பட்டினி. ஒரு கிளையின் நிழல் பலகையில் சில சில்லுகளின் மேல் விழுந்தாலே உற்பத்தி பெரிதும் சரிந்துவிடும். பல பலகைகளில் சில்லுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதே காரணம். தொடர்ச்சுற்றில் ஒன்று தடைப்பட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதுதான் இங்கேயும் நடக்கிறது.

காரிலிருந்தும் மின்னூட்டலாம். அதற்கென்று உள்ள 20 ஆம்பியர் மின்னேற்றியைப் பொருத்தினால், கார் இரண்டு மணி நேரம் ஓடும்போது ஏறத்தாழ 500 வாட்-மணி டிரெய்லர் பேட்டரிக்குப் போய்ச் சேரும். மழைநாள் பற்றாக்குறை 476 என்பதை நினைவில் வைத்தால் இதன் அருமை புரியும். வெறும் வயரால் இரண்டு பேட்டரிகளையும் இணைத்துவிடுவது நல்லதன்று. இரவில் குளிர்பதனப் பெட்டி கார் பேட்டரியையும் சேர்த்துக் காலி செய்துவிட்டால், காலையில் கார் கிளம்பாது.

நான்காம் படி: வயரின் பருமன்

இதுதான் பலர் வழுக்கும் இடம். வீட்டில் 240 வோல்ட்டுக்கு வாங்கிய மெல்லிய வயர் மிச்சம் இருக்கிறது. வீட்டுக்கே அது போதும் என்றால் வெறும் 12 வோல்ட்டுக்குப் போதாதா என்று கேட்கத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 60 வாட் பொருளுக்கு 240 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டிலோ 5 ஆம்பியர் வேண்டும். அழுத்தம் 20 மடங்கு குறைந்தால் ஓட்டம் 20 மடங்கு கூடுகிறது. வயரைச் சூடாக்குவது ஓட்டம்தான். அதுவும் ஓட்டத்தின் இருமடியாகச் சூடேறும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்டார். ஒரே வயர், ஒரே 60 வாட். ஆனால் 12 வோல்ட்டில் வீணாகும் வெப்பம் 20 × 20, அதாவது 400 மடங்கு! நம் தேசிய மின்கட்டமைப்பு ஏன் 132, 275, 500 கிலோவோல்ட் என்று அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் மின்சாரத்தைத் தொலைவுக்கு அனுப்புகிறது என்பதற்கும் இதே கணக்குதான் விடை. அங்கே அழுத்தத்தைக் கூட்டி ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். 12 வோல்ட்டில் அது முடியாது என்பதால் நாம் வயரைப் பருமனாக்குகிறோம்.

நெடுஞ்சாலையில் மூன்று தடங்கள் ஒன்றாகச் சுருங்கும் இடத்தில் வாகனங்கள் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய வயருக்குள் அதிக ஓட்டம் அப்படித்தான் திணறும். எவ்வளவு திணறும் என்பதைக் கணக்கிடலாம். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பும் 1 மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.0172 ஓம். நீளம் கூடினால் தடை கூடும். பரப்பு கூடினால் தடை குறையும்.

பேட்டரியிலிருந்து குளிர்பதனப் பெட்டி வரை வயர் போகும் வழி 5 மீட்டர். மின்னோட்டம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். ஆகவே கணக்கில் 10 மீட்டர். ஓட்டம் 5 ஆம்பியர். தடையை ஓட்டத்தால் பெருக்கினால் வழியில் இழக்கும் வோல்ட் கிடைக்கும்:

0.75 சதுர மி.மீ. வயர்: தடை 0.23 ஓம், இழப்பு 1.15 வோல்ட்
1.5 சதுர மி.மீ. வயர்: தடை 0.115 ஓம், இழப்பு 0.57 வோல்ட்
2.5 சதுர மி.மீ. வயர்: தடை 0.069 ஓம், இழப்பு 0.34 வோல்ட்
4 சதுர மி.மீ. வயர்: தடை 0.043 ஓம், இழப்பு 0.22 வோல்ட்

240 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் 1.15 வோல்ட் போனால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இங்கேதான் பாட்டியின் மருந்து ஆபத்துக்கு உள்ளாகிறது. டிரெய்லர்களுக்கான பல குளிர்பதனப் பெட்டிகளில் ஒரு காவல் அமைப்பு இருக்கும். தன்னிடம் வந்து சேரும் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், பேட்டரி காலியாகிறது என்று எண்ணிப் பெட்டி நின்றுவிடும். பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்கும். ஆனாலும் மெல்லிய வயர் வழியில் தின்றுவிட்டதால் பெட்டி ஏமாந்துபோகும். எல்லோரும் உறங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் நின்றிருக்கும்.

இழப்பு 3 விழுக்காட்டுக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல். 2.5 மி.மீ. வயர் விளிம்பில் தேறுகிறது. சில கம்ப்ரசர்கள் தொடங்கும் கணத்தில் 5 ஆம்பியருக்கும் அதிகமாக இழுக்கும் என்பதால், இங்கே 4 மி.மீ. வயரைப் போடுவதே அறிவுடைமை. சில ரிங்கிட் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நமக்குச் சாத்தியமாக்கியவர் ஜெர்மனியின் ஜார்ஜ் ஓம். 1827இல் தம் விதியை நூலாக வெளியிட்டார். கோலோன் நகரில் பள்ளி மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டே அந்த ஆய்வுகளைச் செய்தவர். பள்ளி ஆய்வுக்கூடத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்!

ஐந்தாம் படி: ஃபியூஸ் யாருக்குக் காவல்?

இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால், பொருளைக் காப்பாற்ற என்றுதான் முதலில் விடை வரும். டிரெய்லரில் ஃபியூஸ் முதலில் காப்பது வயரைத்தான்.

12 வோல்ட் நம்மைத் தாக்குமா? வறண்ட தோலின் தடை ஆயிரக்கணக்கான ஓம். 12ஐ 10,000ஆல் வகுத்தால் 1.2 மில்லி ஆம்பியர்தான். பெரும்பாலும் உணரவே மாட்டோம். அதனால் 12 வோல்ட் விளையாட்டுப் பொருள் என்று நினைத்துவிடுகிறோம். இப்போது வேறொரு கணக்கு. சாலைக் குலுக்கலில் ஒரு வயரின் உறை தேய்ந்து, செம்பு நேராக டிரெய்லரின் உலோகச் சட்டத்தைத் தொடுகிறது. எதிர்முனையும் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. இடையில் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. சுற்றின் மொத்தத் தடை 0.03 ஓம் என்று கொள்வோம். 12.8 ÷ 0.03 = 400 ஆம்பியருக்கு மேல்! மின்திறன் 5,000 வாட்டைத் தாண்டும். இரண்டு மின்கெண்டிகளின் சூடு ஒரு மெல்லிய வயருக்குள் அடைபட்டால் எப்படி இருக்கும்? உறை உருகும், பக்கத்தில் உள்ள பலகை பற்றிக்கொள்ளும். 12 வோல்ட் நமக்கு அதிர்ச்சி தராது, ஆனால் தீ வைக்கும்.

ஆகவே மூன்று விதிகள். ஒன்று, தலைமை ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஃபியூசுக்கு முன்னால் உள்ள வயருக்குக் காவல் இல்லை. அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இரண்டு, ஃபியூசின் அளவு பொருளின் ஓட்டத்தைவிடச் சற்று அதிகமாகவும், வயர் தாங்கும் ஓட்டத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்கு 5 ஆம்பியர் ஓட்டம். 4 மி.மீ. வயர் 20 ஆம்பியரை எளிதாகத் தாங்கும். அதற்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். மூன்று, ஃபியூஸ் அடிக்கடி எரிந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பெரிய ஃபியூசை மாட்டுவதோ வெள்ளித்தாளைச் சுற்றுவதோ காவலாளியை வெளியே துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

கார்களில் உள்ள தட்டை ஃபியூஸ்களுக்கு நிறக்குறி உண்டு. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. வீட்டில் கார் இருந்தால் அப்பாவின் துணையோடு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

விளக்கு, விசிறி, பெட்டி, பம்பு ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று, தனி ஃபியூஸ். எல்லாம் இணைச்சுற்றில். பம்பில் கோளாறு வந்தால் பம்பின் ஃபியூஸ் மட்டும் போகும், குளிர்பதனப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாமே ஒரே நேரத்தில் ஓடினால் விளக்கு 20, விசிறி 15, பெட்டி 60, கைப்பேசி மின்னேற்றிகள் 40, பம்பு 40, ஆக 175 வாட். 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 ஆம்பியர். எனவே 10 மி.மீ. தலைமை வயரும் 30 ஆம்பியர் தலைமை ஃபியூசும் போதும். பிற்காலத்தில் ஒன்றிரண்டு பொருள் சேர்க்கவும் இடம் இருக்கும். சோலார் பக்கத்திலிருந்து பேட்டரிக்கு வரும் வயருக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். மின்சாரம் அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறது, பேட்டரியிலிருந்து அந்தப் பக்கம் பாயவும் முடியும்.

கெண்டியை மாட்டலாமா?

இன்வெர்ட்டர் வாங்கி, 240 வோல்ட் மின்கெண்டியை வைத்துக் காப்பி போடலாமே என்று தோன்றும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக 4,200 × 70 = 294,000 ஜூல். அதாவது சுமார் 82 வாட்-மணி. நான்கு விளக்குகள் ஓர் இரவுக்கு எடுப்பதும் அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 2,000 வாட் கெண்டி அதைச் சில நிமிடங்களில் இழுக்கும். இன்வெர்ட்டரின் நட்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 185 ஆம்பியர் பாய வேண்டும். நம் 30 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்துவிடும். மின்னாற்றல் வேறு, மின்திறன் வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. காப்பிக்கு எரிவாயு அடுப்பே போதும்.

240 வோல்ட்டுக்கு எல்லைக்கோடு

சில முகாம் இடங்களில் 240 வோல்ட் இணைப்பு தருவார்கள். அங்கே விதிகள் மாறிவிடும். ஈரமான புல்லில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் தடை 1,500 ஓம் என்றால், 240 ÷ 1,500 = 0.16 ஆம்பியர், அதாவது 160 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த அது போதும். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் காவல் சுவிட்ச் அங்கே கட்டாயம் வேண்டும். நிலத்தொடர்பும் சரியாக இருக்க வேண்டும். 12 வோல்ட் வயரும் 240 வோல்ட் வயரும் ஒரே குழாயில் போகக் கூடாது. இந்தப் பகுதியை நீங்களோ அப்பாவோ செய்யக் கூடாது. தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்வயர் பணியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். தீபகற்பத்தில் அந்தச் சான்றிதழை வழங்குவது எரிசக்தி ஆணையம். திட்டத்தை நீங்கள் வரையலாம். கை வைப்பது அவர் வேலை.

ஓடும் வீடு, குலுங்கும் வீடு

டிரெய்லர் போகும் இடமெல்லாம் குலுங்கும். சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி வயர் இங்கே நாளடைவில் முறிந்துவிடும். பல மெல்லிய இழைகள் கொண்ட வயர்தான் வளைந்து கொடுக்கும். இணைப்புகளை முறுக்கி நாடா ஒட்டுவது போதாது, உரிய முனைகளை வைத்துக் கருவியால் அழுத்தி இறுக்க வேண்டும். உலோகத் துளைக்குள் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லையென்றால் விளிம்பு வயரின் உறையை அறுத்துவிடும். நேர்முனைக்குச் சிவப்பு, எதிர்முனைக்குக் கறுப்பு. ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு. பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஈய-அமில வகையாக இருந்தால் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும் என்பதால் காற்றோட்டம் தேவை. எரிவாயு உருளையைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு ஆகியவை காரிலிருந்து வரும் தனிச் சுற்று. வீட்டுச் சுற்றோடு அவற்றைக் கலக்க வேண்டாம். பின்னால் வரும் மோட்டார்சைக்கிளோட்டியின் உயிர் அந்த விளக்கை நம்பியிருக்கிறது.

உங்களுக்கு ஒரு பயிற்சி

இந்தக் கணக்கு டிரெய்லருக்கு மட்டுமானதன்று. இரவுச் சந்தையில் ஒரு கடை. 10 வாட் விளக்குகள் 6, 20 வாட் மின்விசிறி ஒன்று, எல்லாம் 5 மணி நேரம் ஓட வேண்டும். இருப்பது 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி. பேட்டரியிலிருந்து கடையின் மின்பெட்டிக்கு 8 மீட்டர். குறைந்தது எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும்? எந்தப் பருமனில் வயர்? எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு கீழே பாருங்கள்.

விடை: மின்திறன் 80 வாட், மின்னாற்றல் 400 வாட்-மணி. பாதிதான் பயன்படுத்தலாம் என்பதால் 800 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 67 ஆம்பியர்-மணி. கடையில் 70 அல்லது அதற்கு மேல் கேளுங்கள். ஓட்டம் 6.7 ஆம்பியர், போகவர 16 மீட்டர். இழப்பு 0.36 வோல்ட்டுக்குள் அடங்கத் தடை 0.054 ஓமுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு 5.1 சதுர மி.மீ. வேண்டும். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 6. ஃபியூஸ் 10 ஆம்பியர், சிவப்பு நிறம், பேட்டரிக்குப் பக்கத்தில்.